பூட்டி வைத்த புது வாசனை

உனக்கு எங்கள் வாசனை பிடிக்கவில்லை. பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னதாக நீ சொல்வது பொய். மயிலாடுதுறையில் வளைகாப்பு முடிந்து குடவாசலில் நம் வீடு வரை வந்தவள், அதே காரில் திரும்பிப் போனவள், மறுநாள் சென்னை வரைக்கும் உட்கார்ந்தே போனவள் நீ. அந்தப் பயணத்தையெல்லாம் தடுக்காத டாக்டர், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதை மட்டும் தடுத்தாராக்கும். போனில் சொல்ல ஆரம்பித்தால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் கண்ணில் படட்டும் என்றே எழுதுகிறேன். பெட்ரோல் பங்கில் நிற்கிற அம்மாவும் பெயின்ட் அடிக்கிற அப்பாவும் உனக்கு மட்டுமா இருக்கிறார்கள்?

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்ற வழக்கத்துக்காக உன்னைக் கூப்பிடவில்லை. தெருவில் கேட்கிறவர்களுக்கு எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வேன். என்னால் முடியாதது வேறு. ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும் உனக்காகத் தயார் பண்ணிய அறையைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. கட்டில் போட்டது போட்டபடி இருக்கிறது. நீ படுத்துக்கொண்டு, "ம்மா, தண்ணி" என்று கூப்பிடுவாய் என்று நினைத்த இடம் அது. அதிகாரம் பண்ண ஒரு ஆள் வேண்டும் என்று வீடு காத்துக்கொண்டிருக்கிறது.

வளைகாப்பு முடிந்து வந்த அன்றைக்கு நீ பார்த்தது உனக்குத் தெரியும். நாங்கள் பார்த்தது உனக்குத் தெரியாது. சம்பா அறுவடை நேரம். மெஷின் வயலில் இறங்கினால் பதரும் தூசியும் நம் தெருவைத் தாண்டித்தான் போகும். உன் அப்பா அந்த அறைக்கு இளம்பச்சை எனாமல் அடித்திருந்தார். சுவரில் குழந்தை கை வைத்தாலும் துடைத்தால் போய்விடும் என்பது அவர் கணக்கு. ஈரத்தில் தூசி ஒட்டும் என்று ஜன்னலைச் சாத்தினோம். காய்ந்த பிறகும் திறக்கவில்லை. ஏன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். புது வாசனை போய்விடக் கூடாது என்றுதான். நம் தெருவில் ஒரு வீட்டுக்குப் புது பீரோ வந்தால் வருகிறவர்கள் முதலில் கதவைத் திறந்து மூக்கைத்தான் உள்ளே விடுவார்கள். புதுசு என்பதற்கு அந்த வாசனைதான் சாட்சி. நம் வீட்டுக்கு வந்த கட்டில், மிக்சி, உன் பள்ளிக்கூடச் சைக்கிள் எல்லாமே யாரோ பழகித் தள்ளியவை. இந்த ஓர் அறையாவது உனக்கென்றே புதுசாகச் செய்தது என்று கதவைத் திறந்ததும் உனக்கு மூக்கிலேயே தெரியட்டும் என்று ஆசைப்பட்டோம். ஃபோம் மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வளைகாப்புக்கு வந்தேன்.

உன் அப்பா கதவைத் திறந்துவிட்டு, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிறவர் மாதிரி ஒதுங்கி நின்றார்.

"உள்ள போ பாப்பா. ரெண்டு கோட்டு. எங்கயாவது பிரஷ் அடையாளம் தெரியுதா பாரு."

நீ முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாய்.

"இதுல எப்படிப்பா தூங்குறது?"

"ஏன், ஃபேன் இருக்குல்ல?"

"கண்ணு எரியுதுப்பா. தலை சுத்துது."

"புதுசுன்னா அப்படித்தான். நாலு நாள்ல பழகிடும்."

"பழகக் கூடாதுப்பா. அதான் பிரச்சினையே."

மாப்பிள்ளை நல்ல பிள்ளை. யார் மனதும் நோகாமல் பேசத் தெரிந்தவர். "மாமா, பெயின்ட் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா இந்த ஆவி குழந்தைக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. கொஞ்ச நாள் திறந்து போட்டா சரியாயிடும்" என்றார். உன் அப்பா சரி என்று தலையை ஆட்டினார். அதற்குள் நீ காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். டிரைவர் ஏசியைப் போட்டார். அந்தக் காரின் முன்பக்கம் ஒரு சின்ன வாசனைப் பாட்டில் ஆடிக்கொண்டிருந்ததே, அதை நீ பார்த்தாயா? ரோஜா என்று எழுதியிருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு சென்னை வரை போனாய்.

நான் பீரோவைத் திறந்து, குழந்தைக்கென்று வைத்திருந்த துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கார் ஜன்னலுக்கு ஓடி வந்தேன். பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடக் கூடாது, நைந்த வேட்டித் துணிதான் சுற்ற வேண்டும் என்பது உனக்கும் தெரியும். உன்னைச் சுற்றிய துணிகளையே இத்தனை வருஷம் வைத்திருந்தேன். நீ ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாய்.

"ம்மா, இது பூரா பாச்சை உருண்டை. இதைப் போயி பச்சைக் குழந்தைக்குச் சுத்துவியா?"

"பூச்சி அரிக்காம இருக்கட்டும்னு போட்டதுடி."

"எனக்கும் இப்படித்தான் சுத்துனியா?"

உனக்குச் சுற்றும்போது அவை பாச்சை உருண்டையைப் பார்த்ததே இல்லை. நீ வளர்ந்த பிறகுதான் அவை பீரோவுக்குள் போயின. உன் பிள்ளைக்காக. அதைச் சொல்வதற்குள் நீ கண்ணாடியை ஏற்றிவிட்டாய்.

நீ சொன்னது சரிதான். அதை இங்கேயே எழுதி வைக்கிறேன். நீ போன பிறகு மாப்பிள்ளை போனில் அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். பாதியில் விடாமல், புரியாத சொல்லைத் தேடித் தேடி முழுக்கப் படித்தேன். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று பெயர் போட்டிருந்தார்கள். பெயின்ட், தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய், பாச்சை உருண்டை எல்லாம் அந்த ஒரு பெயருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. நம் குடும்பத்தை யாரோ வேவு பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

நீ குழந்தையாக இருந்தபோது எனக்கு ஒரு வாசனை இருந்தது. ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பங்குக்கு வருவாய். காற்று அடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பையை எறிந்துவிட்டு ஓடி வந்து என் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். யூனிஃபார்ம் கோட்டுப் பாக்கெட், கை, முந்தானை எல்லாம் பெட்ரோல். வண்டி டேங்க் மூடியைத் திறந்ததும் வெயிலில் காற்று நெளியுமே, அந்த நெளிவில்தான் நாள் பூரா நின்றிருப்பேன். நீ நன்றாக மூச்சை இழுத்து, "அம்மா வாசனை" என்பாய். என்னோடு வேலை பார்க்கிற செல்வி கேலி பண்ணுவாள்: "அக்கா, ஒம்பொண்ண யாராச்சும் தூக்கிட்டுப் போனா கவலப்படாத. எந்த பங்குல தேடினாலும் கெடச்சுருவா." நானும் சிரித்தேன். ஒரு துக்கத்துக்காக நான் தரங்கம்பாடி போய்த் தங்க வேண்டி வந்தபோது, என் துவைக்காத யூனிஃபார்ம் கோட்டைக் கட்டிக்கொண்டுதான் நீ தூங்கினாய் என்று உன் அப்பா சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்குத்தான் புரிகிறது. நான் இல்லாத வீட்டிலும் நீ மூச்சு விட்டது அதைத்தான். பிறகு நீ கல்லூரிக்குப் போனாய். நான் ஃபீஸ் கட்ட வந்தபோது, "யூனிஃபார்மோட வராதம்மா, வாசனை வருது" என்றாய். அதே மூக்கு, அதே பெட்ரோல். அன்றைக்கும் நான் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன், மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று.

உன் அப்பாவின் கதையும் அதுதான். பெரிய வீடுகளில் பெயின்ட் வேலை நடக்கும்போது வீட்டுக்காரர்கள் சாயங்காலம் வாழைப்பழமும் வெல்லமும் கொடுப்பார்கள். சாப்பிட்டால் நெஞ்சில் இருக்கிற பெயின்டெல்லாம் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. அவரும் நம்பினார், நானும் நம்பினேன். நீ அந்தப் பழங்களுக்காக வாசலில் காத்திருப்பாய். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு நல்ல மாஸ்க்கை யாரும் கொடுத்ததில்லை. மூச்சுக்குழாய்க்குள் போவதை வயிற்றுக்குள் போகிற பழம் எப்படி இறக்கும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஒரு சீப்புப் பழத்தோடு கடமை முடிந்துவிட்டது. போன வருஷம் தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வீட்டுக்கு அடித்தார். வாசனையே இல்லாத பெயின்டுதான் வேண்டும் என்று சொல்லி அவர்களே வாங்கி வைத்திருந்தார்கள். "கையில ஒட்டுனாத்தான் பெயின்டுன்னே தெரியுது" என்று வந்து ஆச்சரியமாகச் சொன்னார். அந்த டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் நல்ல காற்றில் தூங்கட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அந்தப் பெயின்ட் இருப்பது தெரிந்தும், தன் மகள் படுக்கப் போகிற அறைக்கு உன் அப்பாவால் கடையின் கீழ்த்தட்டில் இருந்த மலிவான டப்பாவைத்தான் வாங்க முடிந்தது. ஊருக்கெல்லாம் சுவர் அடித்தவர் அவர்.

படித்ததில் ஒரு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. இந்த ஆவியெல்லாம் முன்பைவிட இப்போது குறைந்திருக்கிறதாம். பல ஊர்களில், பல வருஷங்களாக, வண்டிப் புகையிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் வருகிற ஆவி குறைந்துகொண்டே வந்திருக்கிறதாம். எனக்கும் கொஞ்சம் தெரிந்ததுதான். நீ பிறந்தபோது நம் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ். பம்ப் அடித்து அடித்துச் சமைத்தால் சோறே அந்த வாசனை அடிக்கும். கேஸ் அடுப்பு வந்த அன்றைக்கு நீ சோற்றை மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே வாசனை வரலம்மா" என்று வருத்தப்பட்டாய். பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை, கெட்டதைக் குறைத்திருக்கிறோம் என்கிறார்கள். வண்டிக்குள் ஊற்றும்போதே ஆவியை உறிஞ்சித் திரும்ப இழுத்துக்கொள்கிற குழாய்கூட வந்துவிட்டதாம். பெரிய ஊர்களில் வந்திருக்கிறது. எங்கள் பங்குக்கு வரவில்லை. குறைவதும் வரிசையில் நின்றுதான் குறைகிறது. வரிசையின் கடைசியில் யார் நிற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டிய பக்கம் காற்று மாறி அடித்தால் ஒரு நெடி வருகிறது. என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு எதற்கு நெடி?

குறைந்த ஆவி வேறு உருவில் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்பதையும் படித்தேன். வெளியே குறையக் குறைய, உள்ளே இருப்பதன் பங்கு கூடிக்கொண்டே போகிறதாம். தரை துடைக்கிற தண்ணீர், கொசுவுக்குச் செருகுகிற பாட்டில், நகச்சாயம், தலைக்கு அடிக்கிற ஸ்பிரே, ஒட்டுப்பலகை அலமாரி. படிக்கும்போதே உன் சென்னை வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரி இருந்தது. கல்யாணம் ஆன புதிதில் வந்து தங்கினேனே, ஞாபகப்படுத்திப் பார். உன் புதுச் சமையலறைக் கதவுகளைத் திறந்தால் எனக்கே கண்ணில் தண்ணீர் வரும். மூலைக்கு மூலை ஒரு வாசனை டப்பா தானாகச் சீறும். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற அந்த அம்மா லாவெண்டர் தண்ணீரில் முழங்கையை முக்கித் துடைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு இருமல் இருக்கிறது என்பது உனக்குத் தெரியுமா? நான் ஒரு தடவை ஜன்னலைத் திறந்தேன்.

"ம்மா, மூடு. தூசி வருது."

"காத்து வேணாமா?"

"ஏசி ஓடுதுல்ல."

உன் வீட்டில் நீ ஜன்னலை மூடியதற்கும், நம் வீட்டில் நான் ஜன்னலை மூடியதற்கும் ஒரே காரணம்தான். தூசி. இருவரும் தூசிக்குப் பயந்து வேறொன்றை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டோம். எனக்குத் தெரியாது, அதனால் பூட்டினேன். உனக்குத் தெரியும். அப்புறமும் பூட்டியிருக்கிறாய், உன்னுடையது பூ வாசனை அடிப்பதால். எங்களுடையது வேலையின் வாசனை. அதனால் உனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது.

சண்டைக்காக எழுதவில்லை. நீ போன மறுநாளே அறைக் கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்து போட்டேன். தூசி வரட்டும், கூட்டிக்கொள்ளலாம். உன் அப்பா பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டு போய், தான் அடித்த பச்சையைத் தானே சுரண்ட ஆரம்பித்தார். அவர் வாழ்க்கையில் அடித்த சுவரைச் சுரண்டியது அதுதான் முதல் தடவை. சுரண்டியதும் காறை வரைக்கும் வந்துவிட்டது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்தார். "குழந்தை கை வச்சா வெள்ளையா ஒட்டும். ஒட்டட்டும்" என்றார். மெத்தையை உறையைக் கிழித்து வெளியே போட்டிருக்கிறேன். நீ வந்தால் கோரைப் பாய்தான். முதுகு வலித்தால் என் மடியில் சாய்ந்துகொள்.

துணிகளைச் சலவைச் சோடா போட்டு அவித்தேன், வெயிலில் போட்டேன், மறுபடி அவித்தேன். நீ அவ்வளவு சொன்ன பிறகு நம்பிக்கை வரவில்லை. அவற்றைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு வேறு நைந்த வேட்டி தேடினேன். என் சேலையைக் கிழிக்கலாம் என்றால் அதில் பெட்ரோல். உன் அப்பா வேட்டியில் தின்னர். செல்வியிடம் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு வேட்டியா? அதுல வேற வாசனை வரும்க்கா. கொழந்த போதையிலயே தூங்கிரும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு அவள் அண்ணன் வேட்டியைக் கொண்டு வந்து கொடுத்தாள். கோயிலில் சமையல் செய்கிறவர். அடுப்புப் புகையைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சத்தியம் பண்ணினாள். அதையும் அவித்தேன்.

மேனேஜரிடமும் பேசிப் பார்த்தேன். அவர் கண்ணாடி அறைக்குள் ஏசியில் உட்கார்ந்திருப்பார். உனக்கு அவரைத் தெரியும், மிட்டாய் கொடுப்பாரே.

"சார், கொஞ்ச நாளைக்கு என்னை உள்ள பில் போட விடுங்க. பொண்ணு பிரசவத்துக்கு வருது. இந்த வாசனையோட கொழந்தையத் தூக்க முடியாது."

"நீங்க உள்ள வந்தா வெளிய யாரு நிப்பா?"

"நீங்க நில்லுங்க சார்" என்றாள் செல்வி. "வெயில் எப்படி இருக்குன்னு நீங்களும் பாத்துக்கலாம்."

அவர் சிரித்துவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அதுதான் பதில். வேலையை விட்டுவிடு என்று நீ சொல்லாதே. விட்டால் அந்த இடத்தில் இன்னொருத்தி நிற்பாள், அவளுக்கும் ஒரு பிள்ளை ஓடி வந்து சேலையில் முகத்தைப் புதைக்கும். அதனால் இப்போது கோட்டைப் பங்கிலேயே கழற்றி வைக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் தட்டி கட்டி, அங்கேயே தலைக்கு ஊற்றிக் குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறேன். பழக்கம் வரட்டும் என்று உன் பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

இதெல்லாம் செய்து முடித்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. அறை நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. பிறகு வேண்டுமென்றே உன் அப்பாவின் தின்னர் டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்தேன். அதுவும் தெரியவில்லை. கொஞ்சம் குளிர்ச்சியாக ஏதோ, அவ்வளவுதான். பழைய துணி மூட்டையை மோந்தேன். உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். எது நல்லாயிருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. செல்வியைக் கூட்டி வந்தேன். அவளும் அப்படியே. எங்களுக்குப் பழகிவிட்டது. நீ அன்றைக்குச் சொன்னது இதைத்தானா? ஜன்னலைத் திறந்தும், சுவரைச் சுரண்டியும், துணியை அவித்தும், அந்த அறை குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்ல இந்த வீட்டில் ஒரு மூக்கு இல்லை. என் மேல் இன்னும் பெட்ரோல் அடிக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. எனக்கென்று ஒரு வாசனை இருந்ததென்றால் அதை முகர்ந்து பார்த்தவள் நீ ஒருத்திதான். அந்தக் குழந்தைக்கு நான் எந்த வாசனையாக இருப்பேன் என்பதையும் நீதான் சொல்ல வேண்டும்.

தங்க வேண்டாம். அங்கேயே உன் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள், நானே வந்து வெளியில் உட்காருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை வா. அறை வாசலில் நில். முந்தானையை மூக்கிலிருந்து எடு. ஒரு மூச்சு இழு. அப்புறம் என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் செய்த மாதிரி, என் தோளில் முகத்தை வைத்து இன்னொரு மூச்சு இழு. இருக்கிறதா, இல்லையா, அதை மட்டும் சொல். முந்தாநாள் போனிலும் இதைத்தான் கேட்டேன். உன் பக்கம் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடியும் கேட்கிறேன். வந்து சொல்லு.